வீட்டுக்கு ஒரு மாத்திரை

பெட்டி காலியாக இருந்தது. பிரிஸ்கில்லா மூடியைத் திறந்து பார்த்தாள். மூடிவிட்டு இன்னொரு தடவை திறந்தாள். அப்போதும் காலிதான்.

தீவிலுள்ள கராச்சர்மா குடியிருப்போர் சங்கத்தில் அந்தப் பெட்டியை வைத்து ஒரு நாள்தான் ஆகிறது. உள்ளே அறுபது அவசரக் கருத்தடை மாத்திரைகள். இலவசம், பெயர் சொல்ல வேண்டாம், தேவைப்பட்டவர்கள் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், மூன்று மாதத்துக்குத் தாராளமாக வரும் என்று நர்ஸ் ஜெயலட்சுமி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பிரிஸ்கில்லாவுக்கு ஒன்றே ஒன்று போதும். எட்டு மாதம் முன்பு வயிற்றைக் கீறி மகளை எடுத்த டாக்டரம்மா, இரண்டு வருஷத்துக்கு இன்னொன்று கூடாது, தையல் தாங்காது என்று கணவன் டெர்வினையும் பக்கத்தில் உட்காரவைத்தே சொல்லியிருந்தாள். தீவுக் கப்பலில் வேலை பார்க்கும் டெர்வின் லீவில் வந்தான். இருவரும் எச்சரிக்கையாகத்தான் இருந்தார்கள், உறைதான் கிழிந்துபோனது. விடிந்ததும் அவன் கப்பலேறிவிட்டான். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முப்பத்தாறு மணி நேரம் போய்விட்டது. நேற்றே வந்தாள், வாசலில் கூட்டத்தைக் கண்டு, ஏதோ மீட்டிங் போலும் என்று திரும்பிவிட்டாள்.

சென்னைக் கப்பல் பழுதாகி நின்றதில் டவுன் வரை எந்த மருந்துக்கடையிலும் சரக்கில்லை. ஒரே ஒரு கடையில் இருந்தது. அங்கே கல்லாவில் டெர்வினின் சித்தப்பாவும் இருந்தார்.

சங்கச் செயலாளர் ஹரிஹரன் சார் முப்பது வருஷம் அரசுக் கிடங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். பெட்டியைத் திறந்து போட்டால் ஒருத்தரே பத்தை அள்ளிக்கொண்டு போவார் என்பது அவர் கவலை. எனவே, மெயின்லேண்டிலிருந்து மருந்து வந்திருக்கிறது, வீட்டுக்கு ஒன்று என்று குடும்பத் தலைவர்களுக்குச் செய்தி அனுப்பி, ரேஷன் கார்டைப் பார்த்து வரிசையில் கொடுத்துவிட்டார். கப்பலில் வந்தது தீர்வதற்குள் வாங்கிவிட வேண்டும் என்பது தீவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எதற்கான மருந்து என்று யாரும் கேட்கவில்லை. கட்டைப் பிரம்மச்சாரி வெள்ளைச்சாமி ஒன்று வாங்கினார். மனைவியை இழந்த எழுபது வயது ஆவுடையப்பன், கெட்டுப்போகாமலிருக்க ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம்.

"ரெண்டே மணி நேரத்துல எல்லாம் கதம், தீந்துபோச்சும்மா. ஒரு புகார் கிடையாது" என்றார் ஹரிஹரன் சார். "உங்க வீட்டுக்கும் குடுத்தாச்சே. லைன்ல முதல் ஆளே உங்க மாமிதான்."

பிரிஸ்கில்லா நேராக வீட்டுக்கு நடந்தாள். மாமியார் ரோசலின் மாதர் சபைத் தலைவி. வருஷம் தவறாமல் தவக்காலம் முழுக்க மீனைத் தொடாதவள். அதுவும் மீன்பிடிக்கிற கணவர் கஸ்பாரின் வீட்டில் இருந்துகொண்டு.

வீட்டில் இலவசமாக வந்ததெல்லாம் அடுக்களைப் பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். உப்புக்கரைசல் பொட்டலங்களுக்கு அடியில் அந்த அட்டை இருந்தது. மாத்திரை இல்லை. முதுகில் பிதுக்கின கிழிசல் மட்டும் இருந்தது.

"அதத் தேடாத பிள்ள. முழுங்கியாச்சு." வாசலில் ரோசலின், இடுப்பில் பேத்தி.

"யாரு மாமி?"

"நாந்தான். பின்ன ஒன் மாமனாரா முழுங்குவாரு?"

பிரிஸ்கில்லா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். மாமிக்கு நாற்பத்தைந்து வயது என்பது அவளுக்குத் தெரியும். நாற்பத்தைந்து என்பது இன்னும் பிள்ளை உண்டாகிற வயது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. மாமனார் திங்கட்கிழமை கடலிலிருந்து வந்தார், நிறைய சூரை மீன் கொண்டுவந்தார். அதற்குமேல் யோசிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

"பேத்தியையும் பிள்ளையையும் ஒரே தொட்டில்ல போடச் சொல்லுதியா?" என்ற ரோசலின், பிறகுதான் மருமகளின் கையிலிருந்த காலி அட்டையைப் பார்த்தாள். முகம் மாறியது. "எத்தன மணி நேரம் ஆச்சு?"

"முப்பத்தாறு, மாமி."

ரோசலின் பேத்தியை இறக்கிக் கொடுத்தாள், செருப்பை மாட்டினாள், எதிர்வீட்டு ஆவுடையப்பன் கேட்டைத் தட்டினாள். ஜன்னலண்டை நின்ற பிரிஸ்கில்லாவுக்கு எல்லாம் கேட்டது. பக்கத்து நாலு வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அந்த மாத்திரை யாருக்கு என்று ஆவுடையப்பன் விசாரித்தார்.

"எனக்குத்தான்."

"நேத்துதானம்மா வாங்கினீங்க?"

"அது நேத்து" என்றாள் ரோசலின்.

கிழவர் உள்ளே போனார். ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

மாத்திரை சில்லென்றிருந்தது. பிரிஸ்கில்லா விழுங்கி, தண்ணீர் குடித்து முடிக்கும்வரை மாமி எதிரே இடுப்பில் கைவைத்து நின்றாள்.