பெரியவள் சொல்லிக்கொண்டிருக்கும் பதில்

கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுங்களா, என் குரலுக்கு இப்போதெல்லாம் அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை. பல வருஷம் அலமாரியின் மேல்தட்டில், மடித்த போர்வைக்கு நடுவே கிடந்து, முப்பத்தோரு வருஷமாகப் புளியங்கொட்டை அளவில் இருந்துவரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

தாய் தகப்பன் இல்லாத மூன்று பிள்ளைகளில் அவள்தான் பெரியவள். அவள் வேலை பார்த்த ஆலையை மூடிய வருஷம், வீட்டில் இருந்தது இரண்டு பேருக்கான சாப்பாடு. தம்பிக்கும் தங்கைக்கும் போட்டுவிட்டு, "எனக்குப் பசியில்ல" என்பாள். அதை எத்தனை நாள் சொன்னாளோ, அத்தனை நாளும் ஒரு விரற்கடை குறைந்தாள். பக்கத்து வீட்டார் சேதி தெரிந்து ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுவந்து வைத்த மத்தியானம், ஆறு வயதுச் சின்னவள் ஓடிப்போய், "அக்கா, சாப்பிட வர்றியா?" என்று கேட்டாள். பெரியவள் வாயைத் திறந்தாள். அப்படியே சுருண்டு, தோல் கெட்டிப்பட்டு, கொட்டையாகிவிட்டாள். பிறகு ஒருமுறை தவறி அடுப்பில் விழுந்து அரைநாள் தணலில் கிடந்தாள். இடுக்கியால் எடுத்தபோது குளுகுளுவென்று இருந்தாள்.

அந்த மத்தியானத்திலிருந்து வீட்டில் ஒரு ரீங்காரம். முதலில் உத்தரத்து வண்டு என்றார்கள். பிறகு ஃபிரிட்ஜ் வந்தது, பழி அதன்மேல் விழுந்தது. மூன்று தடவை ரிப்பேர் பார்த்து, கடைசியில் ஃபிரிட்ஜையே மாற்றினார்கள். ரீங்காரம் மட்டும் அசையவில்லை.

தம்பி தச்சனானான். தன் மகளுக்கு ஆறு வயதானதும் அவனுக்கு அந்த அலமாரி இருக்கும் அறையில் சோறு இறங்கவில்லை. மிச்சத் தேக்கில் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று செய்து, மூலை மூலையாக இழைத்து, தங்கை முன்னால் வைத்தான். "அவ பங்கைத் தின்னு வளர்ந்த உடம்புடி இது. போதும், புதைச்சிடலாம். என்னால அவ மூஞ்சில முழிக்க முடியல."

சின்னவளுக்கு ஆஸ்பத்திரியில் அறுவைக் கத்திகளை நீராவியில் வேகவைக்கும் வேலை. நீராவிப் பெட்டியில் வெப்பம் போதுமா என்று பார்க்க அங்கே ஒரு வழக்கம் உண்டு. பட்டினியில் சுருண்டு வித்தாகிப்போன கிருமிகளை ஊதாத் தண்ணீர்க் குப்பி இரண்டில் எடுப்பார்கள். ஒன்று நீராவிக்குள் போகும், மற்றது வெளியே நிற்கும். பிறகு இரண்டையும் கதகதப்பில் வைத்தால், செத்தது ஊதாவாகவே இருக்கும், உயிருள்ளது விழித்து மூச்சுவிட்டுத் தண்ணீரை மஞ்சளாக்கும். அவள் சேர்ந்த புதிதில், "இந்தத் தூசிக்கு உயிரா?" என்று சிரித்ததற்கு நர்சம்மா சொன்ன பதிலை அவள் மறக்கவில்லை. "உனக்குப் பொறுமை இல்லேன்னா அது செத்ததா ஆயிடுமாடி? இருக்கிறதை வச்சு இழுத்துப் பிடிச்சு ஓட்டிக்கிட்டிருக்கும்."

புதைப்பதற்கு முன் சின்னவள் அண்ணனிடம் ஒரே ஒரு வருஷம் தவணை கேட்டாள். மீந்த ஊதாத் தண்ணீரை வாங்கிவந்து இரண்டு கண்ணாடி ஜாடிகளில் ஊற்றினாள். ஒன்றில் ஒரு கூழாங்கல், இன்னொன்றில் அக்கா. தண்ணீர் படாமல், மூச்சு மட்டும் அதில் படும்படி, ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் மிதக்கவிட்டு, மூடியை மெழுகால் அடைத்தாள். முதல் மாதம் அண்ணன் தினம் பார்த்தான். நாலாம் மாதம் ஏளனமாகப் பார்த்தான். எட்டாம் மாதம் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெட்டிக்கு மெருகு போட்டான்.

தவணைக்கு ஒன்பது நாள் இருக்கையில், காலை வெயிலில், அக்கா இருந்த ஜாடியின் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு மஞ்சள் இழை தெரிந்தது. கூழாங்கல் ஜாடி கத்தரிக்காய் நிறத்தில் அப்படியே இருந்தது. சின்னவள் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். ஒரு வருஷத்து மூச்சு முழுவதும் அந்த இழைதான். இருவரும் கோயிலில் நிற்பதுபோல் நின்றார்கள்.

மெழுகைக் கீறி மூடியைத் திறந்ததும் ரீங்காரம் அறை முழுக்கப் பரவியது. அண்ணன் கொட்டையை எடுத்துக் காதில் வைத்தான். வண்டுமில்லை, ஃபிரிட்ஜுமில்லை. இருபத்தாறு வருஷமாக அவள் ஒரே எழுத்தில் நின்றிருக்கிறாள்: "வ…"

அவன் கொட்டையைத் தங்கையின் காதிலும் வைத்துக் காட்டினான். "இந்தத் தடவை பசியில்லேன்னு சொல்லலடி. வரேங்கிறா."

அது நடந்து ஐந்து வருஷமாகிறது. போன மழைக்காலத்தில் "வ" முடிந்து "ரே" தொடங்கியிருக்கிறது. அண்ணன் அந்தப் பெட்டியைக் கவிழ்த்துச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு ஆசனமாக்கினான், அதன் முன்னால் ஒரு தட்டு. வேளைக்கு வேளை சூடாகப் பரிமாறுகிறார்கள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் காதை வைத்துப் பார்த்து, "அத்தை இன்னும் ரேலதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போகிறாள். அண்ணனுக்கு இப்போது சோறு இறங்குகிறது.

எழுந்திருங்க கண்ணுங்களா, நேரமாகுது. உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் கடைசியாக வருகிறவருக்கும் ஒரு பிடி மிச்சமிருக்கட்டும். பசியில்லை என்று பொய் சொல்லும் நாள் உங்களில் யாருக்கும் வராமலே போகட்டும்.