நானூறு மீட்டர் உயரத்தில் ஒரு கடல்

1

இல்லையில்லை, அக்கா மேல் எந்தத் தப்பும் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கதையில் நீங்கள் அவளைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். கடலைத் தூக்கி நானூறு மீட்டர் உயரத்தில் வைத்தது நான்தான்.

கதை பிறந்ததும் அதனால்தான். போன வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் ஒரு தாளை என் லேப்டாப் மேல் வைத்தாள்.

"உங்க ஊர்ல கடல் மலை உச்சியிலயா இருக்கும்?"

"எந்த ஊர்லக்கா?"

"நீ வரைஞ்ச ஊர்ல, மகாராணி. நல்லா பாரு."

பார்த்தேன். பார்த்ததும் என் வயிற்றில் —

[வயிற்றில் என்னவோ செய்தது என்று எழுத வந்தேன். எல்லாக் கதையிலும் வயிற்றில்தான் என்னவோ செய்கிறது. இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.]

2

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாவி செய்யும் கடைக்கு மேலே ஒரு அறை, நாலு மேசை, இரண்டு ஜன்னல், அதில் ஒன்று திறக்காது. அங்கே உட்கார்ந்து உயர்நிலைப் பள்ளிப் புவியியல் ஆசிரியர்களுக்கு ரெடிமேட் பாடங்கள் செய்கிறோம். ஒரு பாடத்துக்குப் பதினெட்டு ஸ்லைடு, ஒரு பயிற்சித்தாள், ஒரு விடைத்தாள், ஓர் ஆசிரியர் குறிப்பு. இணையத்திலிருந்து இறக்கி, பிரிண்ட் எடுத்து, வகுப்புக்குள் நடந்து போனால் போதும். என்ன பேச வேண்டும் என்பது கூடக் குறிப்பில் இருக்கும், நிமிடக் கணக்கோடு. 'முதல் ஐந்து நிமிடம்: மலை ஏன் செங்குத்தாக இருக்கிறது என்று கேளுங்கள். மாணவர்கள் இவ்வாறு சொல்வார்கள்...'

சொல்வார்களாம்! அந்த மாணவர்களில் ஒருவரைக் கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒன்றரை வருடமாக அவர்கள் வாயில் வார்த்தையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். (இப்படிப்பட்ட ஆள் கதை எழுதினால் எப்படி இருக்கும்? முதல் பிரதியின் ஓரத்தில் 'இங்கே வாசகர் புன்னகைப்பார்' என்று எழுதி வைத்திருந்தேன். வெட்கமாகிவிட்டது. அழித்துவிட்டேன்.)

பதினான்காம் பாடம், சம உயரக் கோடுகள். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை எல்லாம் சேர்த்து மேப்பில் ஒரு கோடு போடுவார்களே, அதுதான். இதற்காக நானே ஓர் ஊரை உண்டாக்கினேன். தாளின் மேல் ஓரத்தில் ஆறு ஆரம்பிக்கும், கீழ் ஓரத்தில் கடல், குறுக்கே ஐந்து கோடுகள். எந்தக் கோட்டுக்கு எவ்வளவு உயரம் என்பதை எப்போதும் கடைசியில்தான் போடுவேன். அன்று அவசரத்தில் மேலேயிருந்து ஆரம்பித்து 0, 100, 200, 300, 400 என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். மேலே மலை. கீழே கடல். கடற்கரையில் போய் நானூறு.

விடைத்தாளை மட்டும் பழைய பென்சில் படத்தைப் பார்த்துச் செய்திருந்தேன். அது சரியாக இருந்தது. அதாவது கேள்வி ஓர் ஊருக்கு, பதில் இன்னோர் ஊருக்கு.

அறுநூற்றுப் பன்னிரண்டு ஆசிரியர்கள் இதை இறக்கியிருக்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் வேறு. 'அப்படியே பயன்படுத்தினேன், அருமை.' எங்கள் எடிட்டரும் பார்த்திருக்கிறார். அவருக்கு ஆபீஸில் கமா என்று பெயர், ஏனென்றால் அவர் கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரியும். விஷயத்தைச் சொன்னபோது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

3

அக்கா கணக்கு டீச்சர். புவியியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும் தலைமையாசிரியை இவளைக் கூப்பிட்டார். "நம்பர் தெரிஞ்ச உங்களுக்கு மேப் வராதா என்ன?" என்று ஒரு வகுப்பைத் தலையில் கட்டிவிட்டார்.

முக்கியமான விஷயம் இதுதான். அக்கா வேலையில் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இரண்டு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமானவர்களுக்கு ஸ்டாஃப் ரூமில் பூட்டு வைத்த அலமாரி உண்டு. அக்காவுக்கு ஒரு பை. முப்பத்தெட்டு நோட்டுகளைத் தினமும் தோளில் சுமந்துகொண்டு போய் வருவாள். மேற்பார்வையாளர் ஒருவர் வந்து ஒரு வகுப்பை முழுசாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். அவர் வந்தது வியாழக்கிழமை மூன்றாவது பீரியட். புவியியல்.

முந்தின நாள் அக்கா என் பாடத்தை இறக்கினாள். "ஒரு தடவை பாத்துக்கோயேன்" என்றேன்.

"உன்னோடது தானே, பாக்க என்ன இருக்கு?" என்றாள்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மேற்பார்வையாளரை முதலில் வில்லனாக எழுதியிருந்தேன். அடர்ந்த புருவம், கத்தி மாதிரி பேனா, எல்லாம் வைத்து. அக்கா படித்துவிட்டு, "அவருக்கு ஜலதோஷம்டீ. பாவம், என்கிட்ட தான் டிஷ்யூ வாங்கினார்" என்றாள். புருவத்தை எடுத்துவிட்டேன். இனி அவர் கையில் டிஷ்யூ இருக்கும்.

4

வகுப்பில் நான் இல்லை. அக்கா சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

பயிற்சி எளிது. ஆற்றின் ஓரமாகவே ஒரு கோட்டில் போய், உயரங்களை கிராஃப் தாளில் புள்ளி வைத்துச் சேர்க்க வேண்டும். என் குறிப்புப்படி இருபதாவது நிமிடத்தில் விடை ஸ்லைடைக் காட்ட வேண்டும், மாணவர்கள் 'சரிபார்ப்பார்கள்'. அக்கா காட்டினாள். திரையில் கோடு மலையிலிருந்து கடலுக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. முப்பத்தெட்டுத் தாளிலும் கோடு ஏறியது.

என்ன செய்திருப்பார்கள்? எல்லோரும் ரப்பரை எடுத்தார்கள். மற்ற அறுநூறு வகுப்பிலும் இதுதான் நடந்திருக்கும். அழித்து, திரையைப் பார்த்து, திருப்பி வரைந்து, மணி அடித்து, ஐந்து நட்சத்திரம்.

ஆனால் இவள் கணக்கு டீச்சர். முதல் பெஞ்சில் ஒரு தாளை எடுத்துப் புள்ளி புள்ளியாக விரலை வைத்துப் பார்த்தாள். அடுத்த தாள். அடுத்தது.

"யாரும் அழிக்காதீங்க. ரப்பரைக் கீழ வைங்க. நீங்க போட்டது சரி."

"அப்போ ஸ்கிரீன்ல இருக்கறது மிஸ்?"

"அது... அதுவும் பாக்க நல்லா தான் இருக்கு."

அந்த வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். எதைச் சொன்னாலும் 'ஆனா மிஸ்' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள். அதனால் மற்ற பிள்ளைகள் அவளை 'ஆனா' என்றே கூப்பிடுகிறார்கள். அவள் எழுந்தாள்.

"ஆனா மிஸ், ஆறு கடலுக்குத் தானே போகும்? கடல் நானூறுல இருக்கே. ஆறு எப்படி ஏறும்?"

"லிஃப்ட்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"குளிக்கப் போறவங்க மலை ஏறணும் மிஸ்!"

வகுப்பே சிரித்தது. அக்கா கடைசி பெஞ்சைப் பார்க்கவில்லையாம். அங்கேதான் மேற்பார்வையாளர் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். அக்கா கையிலிருந்த தாளை முதல் பெஞ்சிலேயே திருப்பி வைத்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கும் தெரியலப்பா. பத்து நிமிஷம் தரேன். எங்க தப்புன்னு கண்டுபிடிங்க."

என் குறிப்பில் இந்த வரி இல்லை. எந்தப் பாடத்திலும் 'எனக்குத் தெரியவில்லை' என்று நான் ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்ததே இல்லை.

நாற்காலிகள் இழுபட்டன. ஆறாறு பேராகக் கூடினார்கள். பெரும்பாலும் எல்லாக் கூட்டமும் ஒன்றையே சொன்னது: எண்களைத் தலைகீழாக மாற்று, சரியாகிவிடும். 'ஆனா'வின் கூட்டம் மட்டும் எண்ணைத் தொடவில்லை. 'கடல்' என்ற வார்த்தையை அடித்துவிட்டு 'ஏரி' என்று எழுதியிருந்தது.

"ஆனா மிஸ், அஞ்சு நம்பரை எதுக்கு மாத்தணும்? ஒரு வார்த்தையை மாத்தினா போதுமே. மலை மேல ஏரி. அங்கேருந்து ஆறு இறங்கி வருது."

"வந்து எங்க போகுது?"

"தாளுக்கு வெளியே மிஸ். கடல் அங்க இருக்கும்."

மேற்பார்வையாளர் எப்போது எழுந்து வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அவர் அந்த மேசை மேல் குனிந்து, டிஷ்யூவை மூக்கில் பிடித்துக்கொண்டே, "அது... சரி தானே?" என்றாராம்.

(புவியியல் ஆசிரியர்களே, தெரியும். ஆற்றைக் கடக்கும்போது கோடுகள் ஆறு பிறக்கும் பக்கமாக வளையும், என் படத்தில் அதைப் பார்த்தால் ஏரி வாதம் நிற்காது. கதை முடிந்ததும் திட்டுங்கள்.)

5

இதோடு முடித்திருக்கலாம். நல்ல இடம். ஆனால் மணி அடித்ததும் மேற்பார்வையாளர் வாசலில் நின்றார்.

"மேடம், இந்த மாதிரி க்ளாஸ் நான் பாத்து ரொம்ப நாளாச்சு. அந்தத் தப்பு நீங்களே வச்சது தானே?"

பிள்ளைகள் முட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவர் தும்மினார். அக்கா பதில் சொல்வதற்குள், "எழுதியே குடுத்துடுங்க, திங்கக்கிழமை வாங்கிக்கறேன்" என்று படிவத்தைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கடைசிக் கட்டத்தில் அவர் கையெழுத்தில் ஒரு கேள்வி: 'வரைபடத்தில் இருந்த பிழை திட்டமிட்டு வைக்கப்பட்டதா? ஆசிரியர் விளக்கவும்.'

தலைமையாசிரியை அன்று மாலையே போன் செய்து விளக்கினார். திட்டமிட்டது என்றால் முதல் தரம், இந்த மாதமே நிரந்தரம். இல்லை என்றால், பாடத்தை முன்கூட்டியே சரிபார்க்கவில்லை என்று ஆகும். இன்னொரு வருடம் தற்காலிகம்.

6

நடுவில் வெள்ளிக்கிழமை ஆபீஸ். கமா குதூகலமாக இருந்தார்.

"இதையே தனிப் பாடமாப் போடலாம்மா. 'பிழை கண்டுபிடி'ன்னு. தப்போட மேப், நிமிஷக் கணக்கோட குறிப்பு."

உட்கார்ந்து பார்த்தேன். 'இருபது முதல் இருபத்திரண்டாம் நிமிடம்: மாணவர்கள் ஆச்சரியப்படுவார்கள்' என்று அடித்தேன். படித்துப் பார்த்தேன். அழித்தேன். எண்களைத் திருத்தி, அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். பதினோரு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், 'அப்படியா? வகுப்பு நன்றாகத்தானே போனது?' என்று கேட்டிருந்தார்.

7

சரி, முடிவுகள்.

முடிவு ஒன்று. 'ஆம், திட்டமிட்டே வைத்தேன்' என்று அக்கா எழுதினாள். அந்த மாதமே அவளுக்குப் பூட்டோடு ஓர் அலமாரி —

"நான் எப்போ எழுதினேன்?" தலையில் துண்டோடு அக்கா பின்னால் நின்றிருந்தாள்.

"கதையில தானேக்கா."

"கதையிலயும் நான் தானேடீ?"

முடிவு இரண்டு. அவள் 'இல்லை' என்று எழுதினாள். இதற்கு மேல் ஒரு வார்த்தை ஓடவில்லை. நான் போட்ட ஐந்து எண்ணுக்காக அவள் இன்னொரு வருடம் அந்தப் பையைச் சுமக்க வேண்டும்.

முடிவு மூன்று. நானே மேற்பார்வையாளரிடம் போய் ஒப்புக்கொள்கிறேன். இதற்கு அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லா இருக்கு. தங்கச்சி போட்ட மேப்பைப் பாக்காமலே தூக்கிட்டு வந்தாங்கன்னு அதையும் சேத்து எழுதிக்குவாரு."

"அப்போ 'ஆம்'னே எழுதேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"அந்தப் பொண்ணுக்கு."

"எந்தப் பொண்ணுக்கு?"

"ஆனாவுக்கு. அவளா கண்டுபிடிச்சாடீ. நான் ஒளிச்சு வச்சேன்னு எழுதினா, நான் வச்சதை எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"பாராட்டுவாங்கல்ல? பிரேயர்ல மைக் வச்சு சொல்லுவாங்க. எனக்கும் தெரியலன்னு பசங்க மூஞ்சியப் பாத்து சொன்னேன். அது நடிப்புன்னு மைக்லயா சொல்றது?"

"அப்போ 'இல்லை'யா?"

அக்கா துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டினாள். "முப்பத்தெட்டு நோட்டு. தோளுக்குப் பழகிடுச்சு." கொஞ்சம் கழித்து, "இல்ல, பழகல" என்றாள்.

இங்கே எனக்கு ஒன்று தோன்றியது. கதை எழுதுகிறவர்கள் செய்வதும் இதுதானே? ஒளித்து வைப்போம், நீங்கள் கண்டெடுப்பீர்கள், இரண்டு பேருக்கும் சந்தோஷம். நான் ஒளித்தே வைக்காத ஒன்றை ஒருத்தி கண்டெடுத்தது இதுதான் முதல் தடவை. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கும் மனம் வரவில்லை. அலமாரியைக் கைவிடவும் மனம் வரவில்லை. இரண்டும் ஒரே மனம்தான், என்ன செய்ய?

8

இன்று ஞாயிறு, காலை பத்து மணி. அக்கா படிவத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நின்றபடியே எழுதினாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து, அடங்கி, மறுபடி கொதிக்கும்வரை எழுதினாள். உறையில் போட்டு ஒட்டிவிட்டாள்.

"என்னக்கா எழுதின?"

"நாளைக்கு அவர் படிப்பாரு. உனக்கென்ன அவசரம்?"

"கதை நிக்குதே!"

"நிக்கட்டும். அதுக்குக் கால் வலிக்காது."

இப்போது துணி மடித்துக்கொண்டே பாடுகிறாள். சுருதி சேரவில்லை, ஆனாலும் சந்தோஷமாகத்தான் பாடுகிறாள். பொய் எழுதியவர்கள் இப்படிப் பாடுவார்களா? இன்னொரு வருடம் பை தூக்கப் போகிறவர்கள் பாடுவார்களா? இரண்டு பேரும் பாடலாம், அக்காவைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிகிறது.

உறை இங்கே மேசை மேல் இருக்கிறது. பிரிக்கவில்லை, சத்தியமாகப் பிரிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி மட்டும் பார்த்தேன். எழுத்து படிக்க முடியவில்லை, வரிகள் தெரிகின்றன. நாலு வரி, நடுவில் ஒரு வார்த்தை அடித்திருக்கிறது.

'ஆம்' என்றால் ஒரு வரி போதும். 'இல்லை' என்றால் ஒரு வார்த்தையே போதும். நாலு வரியில் அவள் என்னதான் எழுதியிருப்பாள்? சொல்லுங்களேன், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?