நடக்கிறவனும் சுடுகிறவனும்

கம்ப்யூட்டர் கடைக்குள் வந்ததிலிருந்து வெல்டரும் அவருடைய மச்சானும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சான் கிரேன் ஓட்டுபவர். தொலைவிலுள்ள துறைமுகத்துக்கு வேலை மாறிப் போகிறார். அங்கே தனி அறை, தனி கம்ப்யூட்டர். விளையாட்டுக் காட்சிகள் தெளிவாகத் தெரிய அதில் போடத்தான் இந்த கிராபிக்ஸ் கார்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து ஆடும் விளையாட்டு இத்தோடு சரி என்று வெல்டருக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வராமல், மச்சான் கேட்ட சிவப்புக் கம்பெனி கார்டில் நொட்டை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பச்சைக் கம்பெனிது எடு மச்சான். தண்ணியில தெரியற வெளிச்சம் கூட அச்சு அசலா இருக்கும்."

"நான் என்ன தண்ணியவா பாத்துட்டு நிக்கப் போறேன்? சிவப்புல மெமரி கூட. கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும்."

"மெமரி கூடவா? உனக்குக் காலையில சாவி வச்ச இடமே தெரியல."

"என் தங்கச்சிய உனக்குக் கட்டி வச்சேன் பாரு, அன்னைக்கே எனக்கு எல்லாம் போயிருச்சு மாப்ளே."

கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். "வாயால பேசி ஆகாதுண்ணே. ரெண்டு கார்டும் மாட்டித்தான் வச்சிருக்கேன். ஆளுக்கு ஒண்ணுல உக்காந்து ஓட்டிப் பாருங்க."

உட்கார்ந்தார்கள். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. வெல்டரின் சிப்பாய் நட்ட கம்பம்போல் ஒரே இடத்தில் நின்று, கண்ணில் பட்டவனையெல்லாம் சுட்டான். முதுகுப்பக்கமாக ஒருத்தன் வந்ததும் செத்தான். மச்சானின் சிப்பாய் ஓடினான், பதுங்கினான், சுவர் ஏறிக் குதித்தான். துப்பாக்கி மட்டும் வானத்தைப் பார்த்தபடி இருந்தது.

"இதுக்கு முன்ன விளையாண்டிருக்கீங்களா?" என்றார் கடைக்காரர்.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே," என்றார் மச்சான். அது பொய்யில்லை.

கட்டட வேலை பார்த்த காலம். தகர அறை. யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை இருவரும் கூட்டாக வாங்கி வந்தார்கள். யார் விளையாடுவது என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் பாகம் பிரித்தார்கள்: கீபோர்டு மச்சானுக்கு, மவுஸ் வெல்டருக்கு. கீபோர்டில் ஒருவன் நடக்க வேண்டும், மவுஸில் ஒருவன் சுட வேண்டும். ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதி உடம்பை வைத்துக்கொண்டு, சிமென்ட் தோலுரித்த விரல்களால் ஆடினார்கள். அந்தப் பழைய கார்டில் எதிரியின் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். மனுஷனா மரமா என்றுகூடச் சொல்ல முடியாது. "இந்தப் பக்கம்டா, இந்தப் பக்கம்" என்று தோளால் இடித்துக்கொண்டதில் நாள் முழுக்கக் கம்பி சுமந்த வலி தெரியவில்லை. பிறகு வீடு வந்தது, நல்ல நாற்காலிகள் வந்தன. பாகம் மட்டும் மாறவில்லை. ஒருவனில்லாமல் ஒருவன் ஆடியதே இல்லை. அதனால் மற்றவனின் பாதி தனக்குத் தெரியாது என்பது இருவருக்குமே உறைக்கவில்லை.

மச்சான் கீபோர்டை விட்டுக் கையை எடுத்தார். "எனக்கு எதுக்கு மாப்ளே கார்டு? அங்க போய் வானத்தையா சுடப்போறேன். வா, போவோம்."

வெல்டர் எதிர்பார்த்து வந்த வார்த்தை இதுதான். சரி என்றால் போதும். ஆடுவதென்றால் மச்சான் இனி லீவுக்கு வெல்டர் வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். ஆனால் அங்கே மச்சானுக்கு மற்ற நாட்கள் இருக்கின்றனவே. வேலை விட்டு வந்து குளித்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பது. அந்தச் சுவரை வெல்டருக்குத் தெரியும். பிழைக்கப் போன ஊரிலெல்லாம் பார்த்த சுவர்.

நாற்காலியை இழுத்து மச்சானின் பக்கத்தில் போட்டார். அவருடைய வலது கையைப் பிடித்து மவுஸின் மேல் வைத்து, தன் கையால் மூடினார்.

"இறுக்காத. கிரேன் லீவர் இல்ல இது. முட்டைய உருட்டற மாதிரி விடு."

"இப்படியா?"

"ம். இப்ப நட. நடந்துக்கிட்டே திரும்பு."

மச்சானின் சிப்பாய் தடுமாறிப் போய்க் கதவைச் சுட்டான். ஜன்னலைச் சுட்டான். செத்தான்.

"இன்னொரு தடவ," என்றார் மச்சான்.

வெல்டர் தன் கையை எடுத்துக்கொண்டு கடைக்காரர் பக்கம் திரும்பினார். "சிவப்பையே கட்டிக் குடுங்க."