அவிட்டத்துக்கு மட்டும் ஒரு பட்டம்

அந்தச் சனிக்கிழமை கல்கத்தா முழுவதும் கதவைச் சாத்திக்கொள்ளத் தயாராகியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, பிப்ரவரி மாதம், சூரிய கிரகணம். வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், குழந்தைகளை வெளியே விடாதீர்கள் என்று ரேடியோ சில நாட்களாகவே பயமுறுத்திக்கொண்டிருந்தது. பம்பாயில் இங்கிலாந்தோடு நடந்துகொண்டிருந்த டெஸ்ட் மாட்சுக்கே அன்று ஓய்வு விட்டுவிட்டார்கள். எந்தக் கட்சியாலும் நடத்திக் காட்ட முடியாத முழு பந்த்தைச் சந்திரன் ஒருவனே தனியாக நடத்தப் போகிறான் என்று டீக்கடைகளில் கேலி பேசினார்கள். கேலி பேசியவர்களும் அன்று மத்தியானத்துக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பாலிகஞ்சில் பயப்படாத மனிதர் என்று பெயர் வாங்கியிருந்தவர் மஹாதேவன். ஒரு பொதுத்துறைக் கம்பெனியில் அதிகாரி. ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில், மூன்று மாடிக் கட்டடத்தில், நடு மாடியில் மனைவி கல்யாணியோடு குடியிருந்தார். மூட நம்பிக்கை என்றால் அவருக்கு ஆகாது. இதை அவர் கேட்டவர்களுக்கும் சொல்லுவார், கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். மீன் வாங்கிக்கொண்டு படியேறுகிற வங்காளியை, மீன் கெட்டுப்போகிற வரைக்கும் நிறுத்தி வைத்துச் சொல்லுவார்.

இதில் ஒரு வீம்பும் இருந்தது. மதறாஸி என்றால் நெற்றியில் பட்டை, தட்டில் தயிர்சாதம், பையில் பஞ்சாங்கம் என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை உடைக்க மஹாதேவன் படாத பாடு பட்டார். பட்டையை அழித்தார். பஞ்சாங்கத்தைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டார். தயிர்சாதத்தை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். கடைசியில் “மஹாதேவன்தா நம்மைப் போன்றவர்” என்று, தாதா, அதாவது அண்ணன் முறை வைத்து, வங்காளிகள் சொல்ல ஆரம்பித்தார்கள். அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் அவருக்கு யாரும் கொடுத்ததில்லை.

இந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு வேண்டிய தியாகத்தையெல்லாம் செய்தவள் கல்யாணி. ராகுகாலம் பார்க்காதே என்றார், பார்ப்பதை விட்டாள். திருஷ்டி சுற்றாதே என்றார், மிளகாயைக் குழம்பில் போட்டாள். மாயவரத்திலிருந்து அம்மா கடிதத்தோடு அனுப்பும் விபூதிப் பொட்டலத்தை அலமாரியில் வைக்கக்கூட விடவில்லை. முதலில் அழுதாள், பிறகு பழகிவிட்டது. தான் அவளை மாற்றிவிட்டதாக மஹாதேவன் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

கீழ் வீட்டுப் பரிமல் குஹா பாங்கில் வேலை பார்ப்பவர். பேட்டைப் பையன்கள் சிலரைச் சேர்த்து ஒரு விஞ்ஞானச் சங்கம் நடத்தி வந்தார். கிரகணத்தின்போது மொட்டை மாடியில் எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்து சாப்பிடுவது என்று சங்கம் தீர்மானித்தது. தலைமை தாங்க வேண்டும் என்று மஹாதேவனிடம் வந்து நின்றார்கள். அவர் ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், “எங்க வீட்டு இட்லி வரும்” என்றும் வாக்குக் கொடுத்தார். மறுநாளே சந்தின் இரண்டு முனையிலும் அவர் பெயரைப் பெரிய வங்காள எழுத்தில் போட்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அவர் தினமும் அந்தப் பக்கமாகவே ஆபீஸ் போனார்.

வினை சென்னையிலிருந்து தபாலில் வரும் வாரப்பத்திரிகையில் வந்தது. கிரகணம் அவிட்ட நட்சத்திரத்தில் பிடிக்கிறது, அவிட்டக்காரர்கள் நெற்றியில் பட்டம் கட்டிக்கொண்டு சாந்தி செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு ஜோசியர் எழுதியிருந்தார். பட்டம் என்பது மந்திரம் எழுதிய சின்ன ஓலை நறுக்கு. மஹாதேவனுக்கு அவிட்டம். படித்துவிட்டுச் சிரித்தார். பத்திரிகையை மூடினார். சற்று நேரம் கழித்து, சினிமா செய்தி தேடுகிறவரைப் போல அதே பக்கத்தைத் திருப்பினார். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று போன மாதம்தான் ஆபீஸ் டாக்டர் சொல்லியிருந்தார். அப்போது அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது டாக்டரும் ஜோசியரும் கலந்து பேசிக்கொண்டு எழுதியது போலப் பட்டது.

பயம் வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட வேண்டியதுதான். செத்துப்போவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. மாடிக்குப் போகாமல் இருந்தால் சந்துக்கே முகத்தைக் காட்ட முடியாது. பட்டம் கட்டாமல் போனால் முகமே இருக்குமோ என்னவோ.

சனிக்கிழமை காலை, முக்கியமான ஃபைல் ஒன்று இருக்கிறது என்று கல்யாணியிடம் சொல்லிவிட்டு, ஆபீசுக்குப் போகும் திசைக்கு நேர் எதிராக ரயிலேறி டாக்குரியாவில் இறங்கினார். அங்கே வெங்கடசுப்ரமணிய சாஸ்திரிகள் இருந்தார். கல்கத்தாத் தமிழர்களின் கல்யாணம், திவசம் எல்லாம் அவர் கையில். வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. அவற்றில் தன் ஆபீஸ்காரர்கள் செருப்பு ஏதாவது இருக்கிறதா என்று மஹாதேவன் முதலில் பார்த்துக்கொண்டார்.

“அவிட்டம், சதயம், திருவோணம், மிருகசீரிஷம், சித்திரை. இவாள்லாம் கட்டிக்கணும்,” என்று சாஸ்திரிகள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மஹாதேவனைக் கண்டதும் நிமிர்ந்தார். “வாங்கோ. நீங்க இங்கெல்லாம் வர மாட்டேளே.”

“ஒரு அவிட்டம் இருக்கு. ஆபீஸ்ல ஒருத்தர்,” என்றார் மஹாதேவன்.

சாஸ்திரிகள் ஓலையை எடுத்து, மஞ்சள் நூலை அவர் தலைச் சுற்றளவுக்கே பார்த்து நறுக்கினார். “சரி, ஆபீஸ்காரர் போகட்டும். ஆத்துல மாமிக்கு என்ன நட்சத்திரம்? இதுல வருதா?”

“அவளுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது, சாஸ்திரிகளே. நான் மாத்திட்டேன்.”

அந்த நிலைமையிலும் இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. ஓலையை வெற்றிலைப் பொட்டலம் மாதிரி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு பட்டத்தைக் கட்டினார். அதன்மேல் மங்கி கேப்பை மாட்டினார். கல்கத்தாவில் இது ஒரு பெரிய சௌகரியம். டிசம்பரில் போட்ட மங்கி கேப்பை மார்ச் வரைக்கும் கழற்றாதவர்கள் உண்டு, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

“ஜலதோஷமா?” என்று கல்யாணி மட்டும் கேட்டாள்.

“லேசா. நீ இட்லியை வார்த்து எடுத்துண்டு மெதுவா வா.”

அவள் இட்லிப் பானைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். “கிரகணத்தப்போ அடுப்பு மூட்டினதே இல்லை. எங்காத்துல ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டா.”

“பயமா இருக்கா உனக்கு?”

“நீங்கதான் ஒண்ணும் இல்லேங்கறேளே,” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

மொட்டை மாடியில் சங்கம் கூடியிருந்தது. நோட்டீஸில் பெயர் போட்டிருந்தவர்களில் பாதிப் பேருக்குத் திடீரென்று வயிற்றுவலி. பரிமலும் இரண்டு கல்லூரிப் பையன்களும்தான் வந்திருந்தார்கள். நடுவில் பொரியும் பஜ்ஜியும் இருந்தன. சூரியனைப் பார்க்கப் பரிமல் தன் அப்பாவின் பழைய எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவந்திருந்தார். அந்த விலா எலும்புகளின் வழியாக ஆளாளுக்குச் சூரியனைப் பார்த்தார்கள். ஓரம் ஏற்கெனவே கடிபட்டிருந்தது. சந்தில் ஒரு நாய்கூட இல்லை. மூடிய ஜன்னல்களுக்குள்ளிருந்து சங்கு ஊதும் சத்தம் வந்தது.

மஹாதேவன் தொப்பிக்குள் வேர்க்க வேர்க்க விஞ்ஞானம் பேசினார். பரிமல் மட்டும் சால்வைக்குள்ளிருந்து கைகளை எடுக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் இன்னும் ஒரு பஜ்ஜிகூடத் தொடவில்லை. திடீரென்று காற்று வீசி எக்ஸ்ரே பறந்தது. பாய்ந்து பிடிக்கப் பரிமலின் இரண்டு கைகளும் வெளியே வந்தன. விரல்களில் பவழம், முத்து, கோமேதகம். மணிக்கட்டில் சிவப்பு நூல், அதில் புத்தம்புதுச் செப்புத் தாயத்து.

“அம்மா விடவில்லை, தாதா,” என்றார் பரிமல் மெல்ல.

மஹாதேவனுக்கு அப்போது உண்டான சந்தோஷத்தை எழுதி மாளாது. எத்தனை வருஷக் கணக்கு ஒரு நிமிஷத்தில் நேரானது. வங்காளிக்கே தாயத்து, மதறாஸிக்கு விஞ்ஞானம். அவர் பரிமலின் தோளைத் தட்டினார். “பரவாயில்லை. பயம் போகக் கொஞ்ச நாள் ஆகும். என் மனைவியைப் பாருங்கள். மாயவரத்து அக்கிரகாரத்தில் பிறந்தவள். அவளே விட்டுவிட்டாள்.”

சொல்லி வாய் மூடவில்லை, கல்யாணி இட்லித் தூக்கோடு படியேறி வந்தாள். பிறந்தது முதல் எந்தக் கிரகணத்தையும் கண்ணால் பார்த்திராதவள். எக்ஸ்ரேயை வாங்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்து, “அம்மாடி, பிறை மாதிரின்னா இருக்கு,” என்றாள். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. காக்கைகள் கூட்டுக்குத் திரும்பின. அவள் பயப்படவேயில்லை. முதல் இட்லியைத் தானே பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். பையன்கள் கைதட்டினார்கள்.

பிறகுதான் கணவர் முகத்தைப் பார்த்தாள். தாடை வழியாக வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. “ஏன்னா, மூச்சு முட்டப் போறது,” என்று சொல்லிக்கொண்டே, அவர் தடுப்பதற்குள் மங்கி கேப்பைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஓலை நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் நூல் ஈரத்தில் விட்ட சாயம் மூக்குவரை இறங்கியிருந்தது.

“அது என்ன, பௌதி?” என்று ஒரு பையன் கல்யாணியை அண்ணி முறை வைத்துக் கேட்டான். பரிமல் தாயத்துக் கையோடு ஓரடி முன்னால் வந்தார்.

மஹாதேவன் தொப்பியை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் காப்பாற்றிய பெயர் இன்னும் ஒரு வார்த்தையில் போய்விடும். கல்யாணி அந்த ஓலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, ஒரு தடுமாற்றமும் இல்லாத வங்காள மொழியில், “ஒற்றைத் தலைவலி. எங்கள் ஊர் மருந்து ஓலை, நான்தான் கட்டிவிட்டேன்,” என்றாள். தென்னிந்திய மருத்துவம் மிகப் பழமையானது என்று பரிமல் பையன்களுக்கு எடுத்துச் சொன்னார்.

“இதைக் கொஞ்சம் மாத்திக் கட்டணும், வாங்கோ,” என்று அவரை முழங்கையைப் பிடித்துப் படிக்கட்டு வளைவுக்கு அழைத்துப் போனாள். நன்றி சொல்லலாம் என்று அவர் வாயைத் திறந்தார்.

“ஒண்ணுதான் வாங்கினேளா?” என்றாள்.

அவர் கை நெற்றியிலிருந்த ஓலைக்குப் போயிற்று.

“டாக்குரியாவுக்குத்தானே போனேள். ஒண்ணுதான் கேட்டேளா?”

“உனக்குத்தான் இதுல நம்பிக்கை கிடையாதேன்னு...”

“எனக்குக் கிடையாதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா? உங்களுக்குக் கிடையாதுன்னு நீங்க சொன்னேள். அதனாலதான் விட்டேன். இல்லேன்னா இப்போ அந்த இட்லியை வாயில போட்டிருப்பேனா?” குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். “என் நட்சத்திரம் என்ன, சொல்லுங்கோ பார்க்கலாம்.”

மஹாதேவன் அசுவினியிலிருந்து ஆரம்பித்து மனதுக்குள் தேடினார். கல்யாணத்தின்போது ஜாதகம் பார்த்தது அப்பா. அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை. மகத்தை நெருங்கும்போது கல்யாணியே சொன்னாள்.

“சதயம்.”

காலையில் சாஸ்திரிகள் இரண்டாவதாகச் சொன்ன பெயர். வெட்கம் என்றால் என்ன என்பது அந்தப் படிக்கட்டில்தான் அவருக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. பரிமலுக்கு உண்மை தெரிந்திருந்தால்கூட இவ்வளவு பட்டிருக்காது.

கல்யாணி அவர் பிடரியில் கைவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். ஓலையைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் தன் நெற்றியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். நூல் அவளுக்குக் கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது, இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

“கிரகணம் விட இன்னும் நேரம் இருக்கு. நான் கீழ போய் ஸ்வாமி முன்னால உட்கார்ந்துக்கறேன். நீங்க மேல போங்கோ,” என்றாள். “தலைமை நீங்கதானே.”

“தாதா, இட்லி ஆறுகிறது,” என்று மேலிருந்து பரிமல் கூப்பிட்டார். மஹாதேவன் வெறும் நெற்றியோடு படியேறினார்.