வெயில் பட்ட கண்ணாடி

சூரியனின் ஓரத்தை நிலா அப்போதே கடித்துவிட்டிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் போனபோது, கொடியில் தார்ப்பாய் காய்ந்துகொண்டிருந்தது. பெரிய தொலைநோக்கிக் குழாய்க்கு முன்னால் நின்று வெளிச்சத்தை அதற்குள் திருப்பும் கண்ணாடியை மூடியிருக்க வேண்டிய தார்ப்பாய் அது.

நாங்கள் மூன்று பேர்தான். நாங்கள் அம்மா என்று கூப்பிடும், வானத்தை அளக்க வந்த விஞ்ஞானி, அவருக்குச் சுமை தூக்கும் நான், என் மனைவியின் தம்பி. சொன்னதைப் பாதிதான் கேட்பான், அதற்குள் முழுதாகச் செய்து முடித்துவிடுவான். அதனால் 'அவசரம்' என்றே அவனுக்குப் பேர் நின்றுவிட்டது.

"ஏண்டா எடுத்தே?"

"விடியக்காலைத் தூறல்ல நனைஞ்சு கிடந்துச்சு மாமா. ஈரத்தோட மூடி வச்சா கண்ணாடி கெட்டுப்போகும்ல? அதான் உதறிக் காயப்போட்டேன். கண்ணாடியும் சேர்ந்து காயட்டுமேன்னு..."

கண்ணாடியின் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

அம்மா வந்த அன்றே விளக்கியிருந்தார். சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர வெளிச்சத்தைச் சூரியனின் கனம் இழுத்து வளைக்கிறதாம். எவ்வளவு வளைக்கிறது என்பதில்தான் சண்டை. புதிய கணக்கு, பழைய கணக்கைப் போல இரண்டு மடங்கு என்கிறது. சூரியன் மறைந்து இருட்டும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நட்சத்திரங்களைப் படம் பிடித்தால் எது சரி என்று தெரிந்துவிடும். ஆனால் கண்ணாடி சூடேறி இம்மி புடைத்தாலும் எல்லாம் இடம் மாறித் தெரியும். முந்தைய கிரகணத்துக்குக் கடல் கடந்து போய் மேகத்திடம் தோற்று வந்தவர் அவர். இன்னொரு பயணத்துக்கு உடம்பு இடம் கொடுக்காது.

"சொல்லிடாதீங்க மாமா. இப்ப மூடிட்டா யாருக்குத் தெரியும்?"

வெயில் நிறம் மாறிக் குளிர ஆரம்பித்தது. அம்மா வந்துவிட்டார்.

"ரெண்டு கண்ணாடியும் மூடியேதானே இருந்துச்சு?"

அவசரம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் கண் கலங்கிவிட்டது.

"சின்னது மூடியிருந்துச்சும்மா," என்றான். "பெருசைக் காயப்போட்டுட்டேன்."

அம்மா கண்ணை மூடித் திறந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அதற்குக்கூட அவருக்கு நேரமில்லை. பெரிய குழாயில் அவரே நிற்பதாகவும், ஒப்புக்குக் கொண்டுவந்த சின்னக் குழாயை நான் பார்ப்பதாகவும்தான் ஏற்பாடு.

"நீங்க பெருசுக்குப் போங்க, கிடைக்கிறது கிடைக்கட்டும். சின்னதை நான் பாத்துக்கறேன். டேய், நீ என்கூட வா. படம் விழுற கண்ணாடித் தகடை எடுத்து எடுத்துக் குடு. கீழ போட்டே, தொலைச்சுடுவேன்."

இருட்டு தொப்பென்று விழுந்தது. பறவைகள் வாயடைத்துப்போயின.

"எடு!"

குழாயின் வாயிலிருந்து அட்டையை விலக்கினேன்.

"மூடு!"

மறைத்தேன். கால் நகரக் கூடாது. தரை அதிர்ந்தால் புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் கோடாக விழும். தலைக்கு மேல் கறுப்புச் சூரியன் நின்றது. நான் நிமிரவில்லை. அம்மாவின் குரல், "எடு!" என்று மறுபடி கேட்டபோது, அங்கே தகடு ஒன்று நழுவும் சத்தம். உடைந்த சத்தம் வரவில்லை. பிடித்துவிட்டான்.

வெளிச்சம் திரும்பியது. தகடுகளை மருந்தில் கழுவிப் பார்த்தபோது, பெரிய குழாயின் தகடுகளில் நட்சத்திரங்கள் தண்ணீரில் விழுந்த எண்ணெய்ச் சொட்டுகளாக உப்பியிருந்தன. சின்னதில் ஊசிமுனைகள்.

சூரியன் அந்த நட்சத்திரங்களின் பக்கத்தை விட்டு விலகும்வரை சில மாதம் அங்கேயே தங்கி, அதே நட்சத்திரங்களை இரவில் மறுபடி படம் பிடித்து, முன்னதோடு ஒப்பிட்டு அளந்தார் அம்மா. ஒரு மத்தியானம் தலையைத் தூக்கினார்.

"பெருசு பழைய கணக்கைச் சொல்லுது. சின்னது புதுசைச் சொல்லுது." உப்பிய தகடுகளைத் தனியே தள்ளி வைத்தார். "வெயில் பட்டது தெரியாம இருந்தா, எதை நம்புறதுன்னு நடுவுல நின்னு முழிச்சிருப்பேன்."

அவசரத்துக்கு உயிர் வந்தது. "அப்ப வெளிச்சம் வளைஞ்சதுல எனக்கும் பங்கு இருக்குன்னு சொல்லுங்கம்மா."

"வளையாம போகப் பாத்ததுல இருக்கு." இங்கே வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "போ, தார்ப்பாயை மடிச்சு வை. இந்நேரம் நல்லாக் காய்ஞ்சிருக்கும்."