கையால் முறுக்கிய நட்டு

பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஆர்டிஸ் கோல்ஸ்டாட், தன் வேட்டைத் துப்பாக்கிக்குத் தானே புதுக் குழல் மாட்டப் போகிறேன் என்று சொன்னபோது அவள் வீட்டுக்காரன் வெர்லின் வாயைத் திறக்கவில்லை. திறந்தும் பலனில்லை என்பது அவனுக்குத் தெரியும். பழைய குழல் உள்ளே அரித்துப் போயிருந்தது. போன பருவத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற எல்க் மானை அது தவறவிட்டது. ஊரில் துப்பாக்கி பழுதுபார்க்கிறவர் ஒருவர்தான். அவரிடம் கொடுத்தால் பனி உருகின பிறகுதான் திரும்பி வரும். மொண்டானாவில் வேட்டைப் பருவம் அதுவரை காத்திருக்காது.

வேலை பார்க்கச் சுலபமாகத்தான் தெரிந்தது. பழையதைக் கழற்ற வேண்டும். புதுக் குழலைத் திருகிக்கொண்டே போய், தோட்டா உட்காரும் இடத்தில் வைத்த அளவுக்கட்டை தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு குழலின் கழுத்தில் இருக்கும் பெரிய நட்டை, அதற்கென்றே உள்ள ஸ்பேனரால் உடம்பின் பலமெல்லாம் கொடுத்து இறுக்க வேண்டும். அந்த நட்டுதான் எல்லாம். அது இறுகினால் குழல் அசையாது. அசைந்தால் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு பிளந்து, நெருப்பும் புகையும் முன்னால் போகாமல், சுடுகிறவன் முகத்தைத் தேடிப் பின்னால் வரும்.

பழைய நட்டு துரு ஏறிப்போய் அசைவேனா என்றது. ஆர்டிஸ் தொங்கித் தொங்கி இழுத்ததில் நட்டு கழன்றது, ஸ்பேனரின் பல்லும் உடைந்தது. புது ஸ்பேனருக்குச் சொல்லிவிட்டு, புதுக் குழலை அளவு பார்த்துத் திருகி, நட்டைக் கையாலேயே முறுக்கி வைத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஆசை. துப்பாக்கியின் மரக்கட்டையை மாட்டி, குறிபார்க்கும் தொலைநோக்கியையும் பொருத்தி, தோளில் வைத்துப் பார்த்தாள். கன்னம் கட்டையில் அப்படிப் படிந்தது. கராஜ் சுவரில் ஆடிய தீவனக்கடைக் காலண்டரைக் குறிபார்த்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். திரும்பக் கழற்ற மனம் வரவில்லை. கராஜ் கதவுக்குப் பூட்டு சரியில்லை என்று அப்படியே கொண்டுபோய் வீட்டுக்குள் துப்பாக்கி அலமாரியில் நிறுத்தினாள். ஸ்பேனர் வந்ததும் பிரித்து இறுக்கிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். இதை வெர்லினிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. வெர்லினுக்கு வேட்டை கிடையாது. முழங்கால் போனதிலிருந்து மலையேற்றமும் கிடையாது.

வெள்ளிக்கிழமை பள்ளியின் வாலிபால் பெண்களை ஏற்றிக்கொண்டு வெளியூர்ப் போட்டிக்குப் போனாள். அங்கேயே தங்கி, மறுநாள் காலை அவர்களைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குத்தான் வேட்டைப் பருவம் திறந்த நாள். வழியெல்லாம் சாலையோரம் பிக்கப் வண்டிகள் நின்றிருந்தன. தான் மட்டும் பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வெர்லின் அடுப்படியில் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தான். நேற்றுச் சாயங்காலம் ராய்ஸ் வந்திருந்தான் என்றான். ராய்ஸ் ஆர்டிஸின் தம்பி. அவன் துப்பாக்கியின் விசை சிக்கிக்கொண்டதாம், பருவம் திறக்கப்போகிற நேரத்திலா இப்படி ஆக வேண்டும் என்று புலம்பினானாம்.

"உன்னோடதை எடுத்துக் குடுத்தேன்," என்றான் வெர்லின், முட்டையை உடைத்தபடி. "அதான் வேலை முடிஞ்சிருச்சே. முந்தாநாள் நீ தோள்ல வச்சு அழகு பாத்துக்கிட்டு இருந்தியே."

ஆர்டிஸ் கோட்டின் ஒரு கையைக் கழற்றியிருந்தாள். அப்படியே நின்றாள்.

"வேலை முடியல வெர்லின். நட்டை இறுக்கல."

"எந்த நட்டை?"

கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு தம்பியின் எண்ணை அழைத்தாள். அவன் குரல் வந்தது. பதிவு செய்து வைத்த குரல். மலையில் கைபேசி எடுக்காது என்று தெரிந்தே திரும்பத் திரும்ப அழைத்தாள். வெர்லின் அடுப்பை அணைத்தான். அவன் முகம் பார்க்க முடியாதபடி ஆகிவிட்டது. வண்டிச் சாவியை எடுத்தவன் அவன்தான்.

ராய்ஸ் எங்கே போவான் என்பதில் சந்தேகமில்லை. சின்ன வயதிலிருந்து ஹார்லன் மேட்டைத் தவிர வேறெங்கும் அவன் போனதில்லை. வண்டி தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் ஏறியதும் பனி தொடங்கியது. வெர்லின் ஒரு தடவை, நான் உன்னைக் கேட்டிருக்கணும் என்றான். நான் சொல்லியிருக்கணும் என்றாள் அவள்.

ஆர்டிஸின் தலைக்குள் துப்பாக்கி மட்டும்தான் இருந்தது. ராய்ஸுக்கு ஒரு கெட்ட பழக்கம். துப்பாக்கியைத் தோளில் மாட்டமாட்டான், குழலைப் பிடித்துக்கொண்டு கைத்தடி மாதிரி ஆட்டியபடி ஏறுவான். ஏறும்போது அவன் உள்ளங்கைக்குள் குழல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதை அவள் கண்ணால் பார்ப்பதுபோல் பார்த்தாள். மயிரிழை திரும்பினால் போதும். ஒருவேளை திரும்பாமலும் இருக்கலாம். அதுதான் அவளை வதைத்தது. ஒன்றும் ஆகாமலே போகலாம். அல்லது இந்நேரம் எல்லாம் ஆகிமுடிந்து, அவன் பனியில் கிடக்கலாம்.

பாதை முடிகிற இடத்தில் ராய்ஸின் வண்டி நின்றது. கண்ணாடியில் பனி படிந்திருந்தது. இருவரும் இறங்கிய அந்த நேரத்தில்தான் மேலே எங்கோ ஒரு வெடிச்சத்தம் கேட்டது. மலை அதை வாங்கி உருட்டி உருட்டி அனுப்பியது. எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. ஆர்டிஸ் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனா இருக்காது," என்றான் வெர்லின். அவனுக்கே நம்பிக்கை இல்லாத குரல். "பருவம் திறந்த நாளு. மலை பூரா ஆளுங்கதான்."

அவனை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கரடிக்காக வண்டியில் வைத்திருக்கும் கைத்துப்பாக்கியை இடுப்பில் கட்டி, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் ராய்ஸின் கால்தடத்தைப் பிடித்து ஏறினாள். ஓட முடியவில்லை. பனி முழங்கால்வரை வாங்கியது. ராய்ஸ், ராய்ஸ் என்று கூப்பிட்டாள். எதிர்க்காற்று அவள் குரலை வாயிலேயே திணித்தது. ஓரிடத்தில் தடத்தின் பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தன. துப்பாக்கியின் அடிக்கட்டையை ஊன்றிய குழிகள். குழலைப் பிடித்துத்தான் ஊன்றியிருக்கிறான்.

மரங்கள் விலகி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வெட்டவெளிச் சரிவு தெரிந்தது. அங்கே வேட்டைக்காரர்கள் அணியும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. பைனாகுலரை எடுத்துப் பார்த்தாள். ராய்ஸ்தான். உயிரோடு இருக்கிறான். அந்த நிம்மதி ஒரு மூச்சுக்குக்கூட நிற்கவில்லை. விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் அவன் பையை வைத்து, பையின்மேல் துப்பாக்கியை வைத்து, மெதுவாகக் குனிந்துகொண்டிருந்தான். சரிவின் மேல்கோடியில், ஊசியிலை மரங்களின் ஓரத்தில், எல்க் மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பெரிய கொம்பன் மான்.

ஆர்டிஸ் அலறினாள். அவன் திரும்பவில்லை. மான்களும் தலை தூக்கவில்லை. இறங்கி ஏறி அவனிடம் போகிற வரைக்கும் எந்த வேட்டைக்காரனும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கமாட்டான்.

கைத்துப்பாக்கியை உருவினாள். மந்தையை விரட்டிவிட்டால் அவன் சுடமாட்டான். ஆனால் சத்தத்தில் அவன் திடுக்கிட்டால்? விரல் விசையில் இருந்தால்? அல்லது ஓடுகிற மானை விடக்கூடாது என்று அவசரத்தில் அழுத்திவிட்டால்? காப்பாற்ற வந்தவளே அவன் முகத்தைத் தின்ற கதையாகிவிடும். கையைத் தூக்கியவள் அழுத்த முடியாமல் நின்றாள். பைனாகுலரில் அவன் கன்னம் கட்டைமேல் சாய்வது தெரிந்தது. தம்பி பிறந்தபோது அந்தக் கன்னத்தைத் தொட்டுப்பார்க்க விடவில்லை என்று தான் அழுதது, காரணமே இல்லாமல், அப்போது ஞாபகம் வந்தது.

அவன் தலையைத் தூக்கினான். குளிரில் கண்ணில் வழிந்த நீரைத் துடைக்கக் கையை எடுத்தான். அந்தக் கணத்தில் ஆர்டிஸ் வானத்தைப் பார்த்துச் சுட்டாள். மறுபடி சுட்டாள். உள்ளே இருந்ததெல்லாம் தீரும்வரை சுட்டாள்.

மந்தை ஒரே திரளாக மரங்களுக்குள் பாய்ந்தது. ராய்ஸ் துள்ளி எழுந்தான். துப்பாக்கி அவன் தோளுக்குப் போனது. குழல் ஓடுகிற கொம்பனின் பின்னாலேயே திரும்பியது. ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். வெடிச்சத்தத்துக்காகக் காத்தாள். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது கொம்பன் மறைந்திருந்தது; அவன் துப்பாக்கியை இறக்கிவிட்டு, இரண்டு கையையும் விரித்து, பள்ளத்துக்கு இந்தப் பக்கம் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான். அந்தத் திட்டு காற்றோடு தெளிவாக அவளிடம் வந்து சேர்ந்தது. அவ்வளவு இனிமையாக அவள் எதையும் கேட்டதில்லை.

அவள் அங்கே போய்ச் சேர்ந்தபோது ராய்ஸுக்குக் கோபம் ஆறவில்லை.

"ஏன்க்கா, பைத்தியம் கிய்த்தியம் பிடிச்சிருச்சா? என்ன கொம்பு தெரியுமா அதுக்கு? ஏழு வருஷமா நான்..."

"துப்பாக்கியைக் கீழ வைடா."

அவள் குரலில் என்ன இருந்ததோ, வைத்தான். அவள் முதலில் தோட்டாக்களை வெளியே எடுத்தாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு நட்டைத் தொட்டாள். இரண்டு விரலுக்கே சுற்றியது. குழலைப் பிடித்துத் திருப்பினாள். சாடி மூடி மாதிரி திரும்பியது.

ராய்ஸ் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தன் மேல்பாக்கெட்டில் கைவிட்டு ஒரு காலிப் பித்தளைக் கூட்டை எடுத்து நீட்டினான்.

"வெளிச்சம் வந்ததும் ஒண்ணு சுட்டேன்க்கா. தப்பிருச்சு. என் மூஞ்சிலகூட என்னமோ சுள்ளுன்னு அடிச்ச மாதிரி இருந்துச்சு. பனின்னு நெனச்சேன்."

அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே வெளிறிய வளையம். வளையத்தின் ஒரு பக்கம் பிளந்து, நகம் நுழைகிற அளவுக்கு விரிசல். சுற்றிக் கரி. அவன் வலது கன்னத்திலும், கண்ணுக்கு ஒட்டிக் கீழே, மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள். அதற்குப் பிறகு மலையெல்லாம் அதே குழலைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறான். அடுத்த வெடிக்குத்தான் குனிந்திருந்தான்.

ஆர்டிஸ் கூட்டைப் பனியில் போட்டாள். ராய்ஸ் அந்த மரத்தின்மேல் உட்கார்ந்தான். கொம்பனைப் பற்றி அதற்கப்புறம் பேசவில்லை.

கீழே வெர்லின் அந்தக் கெட்ட முழங்காலோடு பாதி தூரம் ஏறி வந்திருந்தான். மேலே கேட்ட வெடிகளை எண்ணி எண்ணி அவன் செத்துப் பிழைத்திருந்தான். மைத்துனனைப் பார்த்ததும் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணைத் திறந்து மூடச் சொன்னான். ராய்ஸும் திறந்து மூடிக் காட்டினான்.

ஸ்பேனர் நவம்பரில் வந்தது. ஆர்டிஸ் துப்பாக்கியை முழுக்கப் பிரித்து முதலிலிருந்து தொடங்கினாள். நட்டை இறுக்கி அளவு பார்த்தாள், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள், மறுநாள் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அவளுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. பழைய டயர் ஒன்றில் துப்பாக்கியைக் கட்டி, விசையில் நீளக் கயிறு போட்டு, வண்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு இழுத்தாள். ஒவ்வொரு கூட்டையும் பொறுக்கிப் பார்த்தாள். வளையம் இல்லை, கரி இல்லை. கையிலிருந்த பெட்டியில் ஒன்றே ஒன்று மிஞ்சும்வரை அப்படியே சுட்டாள்.

கடைசித் தோட்டாவோடு ராய்ஸ் பக்கத்தில் வந்து நின்றான். கன்னத்துப் புள்ளிகள் மறைந்திருந்தன. ஒன்றிரண்டு மட்டும் தோலுக்குள்ளேயே தங்கிவிட்டன. "குடுக்கா, இதை நான் தோள்ல வச்சுச் சுடறேன். நல்லாத்தான் இருக்கு," என்றான்.

"நகருடா," என்றாள்.

துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்தாள். கன்னம் கட்டைக்குப் போக மறுத்தது. தம்பியைத் தனக்குப் பின்னால் இன்னும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, அவன் போய்விட்டானா என்று திரும்பிப் பார்த்தாள். போயிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தைப் பதித்தாள். கட்டை சில்லென்றிருந்தது.

சுட்டாள். குண்டு எங்கே விழுந்தது என்று ராய்ஸ்தான் ஓடிப்போய்ப் பார்த்துச் சொன்னான். ஆர்டிஸ் அந்த நேரம் வண்டியின் பக்கக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.