அட்டையில் இல்லாத வரி

குழந்தைகளின் மலத்தைப் பற்றிப் பேசியே பேர் வாங்கியவள் நான். என் அம்மா இருந்தவரை, யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் "எங்க அலைடா ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா" என்பதோடு பேச்சை மாற்றிவிடுவாள்.

சில குழந்தைகளுக்குக் கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் குழாய் பிறந்த சில வாரங்களிலேயே அடைபட்டுப் போகிறது. ஏன் என்று இருபத்திரண்டு வருடங்களாகத் தேடுகிறேன், இன்னும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். பித்தம் இறங்காவிட்டால் மலம் வெளுக்கும். அறுபது நாளுக்குள் கண்டுபிடித்து அறுவை செய்தால் நிறையக் குழந்தைகள் சொந்தக் கல்லீரலோடு பிழைத்துக்கொள்ளும். நாள் கடக்கக் கடக்க அந்த வாய்ப்பு கரைந்துகொண்டே போகும். அதற்காகத்தான் அந்த அட்டையைச் செய்தேன். எட்டு வட்டங்கள், எட்டு நிறங்கள். முதல் மூன்றும் வெளுப்பு, கண்டவுடன் எங்களுக்கு போன் செய்ய வேண்டும். நான்கிலிருந்து கவலையில்லை. நெதர்லாந்தின் வடக்கே எங்கள் குரோனிங்கன் வட்டாரத்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் பேறுகாலச் செவிலி முதல் வாரத்திலேயே இந்த அட்டையைக் கொடுத்துவிடுவாள்.

ஜனவரியில் யோரிண்டா தன் பெண் ஹிஸ்கெயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு அன்று தொண்ணூற்றொரு நாள். கண் வெள்ளையெல்லாம் மஞ்சள். நான் டயப்பரை ஜன்னலருகே கொண்டுபோய் அட்டையோடு வைத்துப் பார்த்தேன். இரண்டாம் வட்டம், சந்தேகமே இல்லை.

"உங்களுக்குக் கார்டு கொடுத்தாங்களா, இல்லையா?" என்றேன். என் குரல் நன்றாக இருந்திருக்காது.

"கொடுத்தாங்க டாக்டர். தினமும் பாத்தேன்." பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். ரயில் நேர அட்டவணை போடும் அலுவலகத்தில் வேலை செய்பவள், எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டாள். ஒவ்வொரு நாளுக்கும் தேதி, நேரம், எண். பக்கம் பக்கமாக நாலு, நாலு, நாலு.

"இது நாலு இல்லைம்மா, ரெண்டு. இங்க வந்து பாருங்க."

பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனதை நான் கண்ணால் கண்டேன்.

"அப்ப என் கண்ணுலதான் கோளாறு," என்றாள்.

நான் மறுக்கவில்லை. அட்டையை வைத்துக்கொண்டும் தவறவிட்டவர்கள் என்று என் ஆய்வில் ஏற்கெனவே ஆறு பேர் இருந்தார்கள். அட்டவணையில் அவர்களுக்கு ஒரு கட்டம், அதன் தலைப்பு 'பெற்றோர் பிழை'. ஹிஸ்கெயை ஏழாவதாகச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பட்டாணி சூப் குடித்தேன்.

அறுவை நடந்தது. குடலை இழுத்துக் கல்லீரலோடு தைத்தார்கள். மூன்று வாரமாகியும் மஞ்சள் இறங்கவில்லை. இனி மாற்றுக் கல்லீரல்தான் என்று ஆனது. குழந்தையின் அப்பா வொபெயின் கல்லீரலில் ஒரு துண்டு பொருந்துமா என்று சோதனைகள் ஆரம்பித்தன. அந்த வாரம் யோரிண்டா ஒரு காகிதத்தோடு என் அறைக்கு வந்தாள். கண் பரிசோதனை செய்துகொண்டு வந்திருந்தாள்.

"நிறமெல்லாம் சரியாத் தெரியுதாம் டாக்டர். கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்ப மூளையிலதான் ஏதோ."

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "கார்டை எங்க வெச்சுப் பாத்தீங்க?"

"டாய்லெட்லதான். பிறந்தநாள் காலண்டர் பக்கத்துல மாட்டியிருந்தேன். வேற எங்க மாட்டுவாங்க?"

வேறெங்கே மாட்டுவார்கள்! யாருடைய பிறந்தநாளையும் மறக்கக் கூடாது என்று இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் அந்தக் காலண்டர் அங்கேதான் தொங்கும். மறக்கக் கூடாத மற்றதும் அதன் பக்கத்தில் போய்ச் சேரும். என் வீட்டிலும் அப்படித்தான். ஆள் திரும்ப இடமில்லாத அறை, ஜன்னல் கிடையாது, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் மஞ்சள் பல்பு ஒன்று. அன்று மாலை என் அட்டையை அங்கே கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தேன். இரண்டாம் வட்டமும் நான்காம் வட்டமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அட்டையைச் செய்தவளுக்கே தெரியவில்லை.

என் முதல் வரைவில் கடைசியாக ஒரு வரி இருந்தது: 'பகல் வெளிச்சத்தில் ஜன்னலருகே வைத்துப் பாருங்கள்.' மூன்று வருடத்துக்கு முன் ஒரு கூட்டம். எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை யாரும் எழுந்திருக்காத எங்கள் வழக்கமான கூட்டம், ஒரு காப்பிக்கு ஒரு பிஸ்கட். பணம் தந்த ஐந்து அமைப்புகளின் சின்னங்களும் அட்டையில் வர வேண்டும், இடம் போதவில்லை. "யாரு இருட்டுல போய் வெச்சுப் பாக்கப் போறாங்க?" என்றார் எங்கள் துறைத் தலைவர் ருலோஃப். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தது என் கைதான்.

மற்ற ஆறு பேருக்கும் போன் செய்தேன். ஐந்து பேர் டாய்லெட் என்றார்கள். ஆறாவது ஒரு தகப்பன். "இப்ப எதுக்குக் கேக்குறீங்க? புள்ள போயி ஒரு வருஷமாச்சு," என்றார். "ஆய்வுக்காக," என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் ருலோஃபிடம் போனேன். வெள்ளிக்கிழமை எங்கள் ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்ப வேண்டும்.

"அடுத்த தடவை அச்சடிக்கும்போது வரியைச் சேத்துடுவோம். முடிஞ்சுது," என்றார்.

"அந்த ஏழு பேரு?"

"கட்டம் அப்படியே இருக்கட்டும். பாத்தது அவங்க, தப்பாப் பாத்ததும் அவங்கதானே?"

"அந்தம்மா தன்னைத்தானே தின்னுக்கிட்டிருக்கா, ருலோஃப்."

"அவ உன்கிட்ட ஏதாவது கேட்டாளா?"

"இல்ல."

"அப்புறம் நீ ஏன் வலியப் போய்ச் சொல்லணும்? வக்கீல்தான் வருவான்."

முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று உலகம் முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொள்ளும் ஜனங்கள் நாங்கள். அடுத்தவன் சட்டை நன்றாக இல்லை என்பதைச் சொல்ல எங்களுக்கு ஒரு நொடி தயக்கம் கிடையாது. நானும் வெட்கமில்லாமல் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மதியம் வார்டுக்குப் போனேன்.

யோரிண்டா தொட்டிலருகே சாக்லெட் தூவிய ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே வைத்திருந்தாள். ஹிஸ்கெ தூங்கிக்கொண்டிருந்தாள், வயிறு மட்டும் பெரிதாக.

"உங்க கண்ணுல கோளாறு இல்ல. மூளையிலயும் இல்ல. கார்டுல ஒரு வரி இருந்துச்சு, பகல் வெளிச்சத்துல பாக்கணும்னு. அதை எடுத்துட்டோம்."

"யாரு எடுத்தது?"

"நான்."

"ஏன்?"

"இடம் பத்தல."

"எதுக்கு இடம்?"

அவள் பையில் செருகியிருந்த அட்டையை எடுத்து, கீழே வரிசையாக இருந்த ஐந்து சின்னங்களைக் காட்டினேன். எங்கள் மருத்துவமனையின் சின்னம்தான் அதில் பெரியது.

அவள் அழவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஒரு மாசமா வொபெகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள். "அவரும் 'பரவால்ல'ன்னு சொல்லிட்டாரு. என்னை மன்னிச்சுட்டாராம். என்னை!"

ஆய்வில் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுவேன், நடந்ததை அப்படியே எழுதுவேன், ஒத்துக்கொள்ளாவிட்டால் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவேன் என்றேன். அது அவளுக்கு எதற்கு ஆகும்? அவள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

"என் தங்கச்சிக்கு மார்ச்சுல பிரசவம்," என்றாள். "அவளுக்கும் இதையேதானே கொடுப்பாங்க?"

"ஆமா. புதுசு அச்சடிக்கக் கோடைக்கு மேல ஆகும்."

பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். "எழுதுங்க."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கத் தொலைபேசி எண்களும் விளக்கங்களும். முன்பக்கம் வட்டங்கள். "எங்க எழுதறது?" என்றேன்.

அவள் விரல் ஐந்து சின்னங்களின் மேல் போய் நின்றது.

எழுதினேன். பளபளப்பான அட்டை, மை ஒட்டவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. அவள் வாங்கிக்கொண்டு ஜன்னலருகே போய் அந்த ஒற்றை வரியைப் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இவ்ளோதானா?" என்று கேட்டாள்.